திங்கட்கிழமை மேகம்

கீழ்மேட்டுத் தொட்டி அந்த வருஷம் ஜூலை முதல் வாரத்திலேயே வற்றிப்போனது. ஆகஸ்டுக்கு முன்னால் அது வற்றி நான் பார்த்ததே இல்லை. குதிரையை விட்டு இறங்கினால், வெர்ல் காலித் தொட்டிக்குள் மண்டி போட்டுக் குழாய் வாயில் காதை வைத்துக்கொண்டிருக்கிறான். சுற்றிலும் மாடுகள். கத்திக் கத்தி ஓய்ந்துபோய் அவனையே பார்த்துக்கொண்டு நின்றன.

“என்னடா, உள்ள யாராச்சும் பேசுறாங்களா?” என்றேன்.

“காத்துதான் வருது சகோதரி. நேத்து நூல் மாதிரி ஒழுகிச்சு. இன்னிக்கு அதுவும் இல்ல.”

“எந்திரிச்சு வெளிய வா. நீ முட்டி போட்டா ஊத்து சுரந்துடுமா?”

வெர்ல் சிரிக்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பான். சபையில் பழகிய ‘சகோதரி’தான், ஆனால் அவன் வாயில் அது எப்போதும் பாதி கிண்டலாக வரும். அன்றைக்கு அந்தக் கிண்டலைக் காணோம்.

மந்தையில் பெரும்பங்கு வெர்லுக்கும் அவன் பெண்டாட்டி ஜெனீலுக்கும். அடுத்த பங்கு அவன் அண்ணன் லாமருக்கு. என் வீட்டுக்காரர் விட்டுப்போன கொஞ்சம் மாடுகளும் அதற்குள் மேய்ந்தன. மலை சர்க்காருடையது. மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒரே மேய்ச்சல் பர்மிட். பனி கரைந்ததும் கீழ்மேடு, கோடையில் மேல்கேட்டைத் தாண்டி உச்சி வரைக்கும், மறுபடி பனி விழுந்தால் வீட்டுக்கு. யூட்டாவின் இந்த மூலையில் எங்களுக்கு முந்தின நாலு தலைமுறையும் இப்படித்தான் ஓட்டியது.

ஜெனீல் தண்ணீர் லாரியோடு வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை. கோடை லீவு என்பதால் லாரி ஓட்டுவது அவள் தலையில் விழுந்திருந்தது. குழாயைத் தொட்டியில் போட்டதும் மாடுகள் முட்டி மோதின. வந்த தண்ணீர் அடி நனைவதற்குள் தீர்ந்தது. பின்னாலேயே லாமரும் வந்துவிட்டான்.

“லாரிக்கு டீசல ஊத்தி மாட்டுக்குத் தண்ணிய ஊத்துறீங்க. இது எத்தன நாளைக்கு? பேசாம மொத்தத்தையும் ஏலத்துக்கு ஏத்துங்கடா. என் பங்க நான் ஏத்தத்தான் போறேன்.”

“ஏத்திட்டு? அடுத்த வருஷம் மழை பேஞ்சா வேற மாடு வாங்கி விடுவியா?” என்றான் வெர்ல்.

“விடுவேன்.”

“எந்த ஓடையில எந்த மாசம் தண்ணி இருக்கும், எந்தச் சரிவுல பனிக்கு ஒதுங்கலாம்னு அதுங்களுக்கு நீ காதுல சொல்லுவியா லாமர்?”

லாமர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டான். போன வருஷம் வைக்கோல் விலை ஏறி மந்தையில் மூன்றில் ஒரு பங்கை விற்றாகிவிட்டது. விற்றது எல்லாம் வெளியில் வாங்கிய மாடு. மிஞ்சியது எல்லாம் இந்த மலையிலேயே தாயோடு நடந்து வழி பழகியது. அவற்றையும் விற்றால் பர்மிட் வெறும் காகிதம்தான். புதுமாடு மலை பழகப் பல வருஷம் ஆகும், அதற்குள் பாதி தொலையும், மீதி கேட்டடியிலேயே நின்று இளைக்கும். வெர்ல் அதற்குத்தான் பயந்தான். இந்த மந்தை போனால் அவன் வீடு மலையை விட்டுப் போனதாக அர்த்தம்.

மத்தியானம் பாரஸ்ட் ஆபீசர் ஆர்மிஹோ வந்தார். நியூ மெக்சிகோக்காரர், சின்ன வயசு, எதையும் மென்று விழுங்காமல் சொல்லிவிடுவார். குனிந்து புல்லில் கையை வைத்துப் பார்த்தார்.

“நாலு விரல் கூட இல்ல. கீழ்மேடு முடிஞ்சுது வெர்ல். நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணும்னு இல்ல.”

“தெரியுது.”

“மேல்கேட்ட இப்பவே திறந்துக்கலாம்னு ஆபீஸ்ல சரின்னுட்டாங்க. மேல புல்லு இந்த வருஷம் முந்திக்கிச்சு. ஆனா ஒண்ணு, விஷச்செடி எந்த நிலைமைல இருக்குன்னு நான் ஏறிப் போய்ப் பாக்கல. அத நீங்கதான் பாத்துக்கணும்.”

“எங்க அப்பன் காலத்துலேர்ந்து நாங்கதான் பாத்துக்கிறோம்” என்றான் வெர்ல்.

விஷச்செடி ஆள் உயரம் வளரும், ஊதாப் பூ பூக்கும். பூத்துப் பிஞ்சு விடுகிற சமயத்தில்தான் மாட்டுக்கு அதன்மேல் ஆசை வரும், அப்போதுதான் அது கொல்லவும் செய்யும். காய் முற்றி உலர்ந்துவிட்டால் பயமில்லை. அதனால் மேல்கேட்டைத் திறக்கும் முன் கேட்டடியில் நிற்கிற செடியின் காயைப் பறித்துக் காதருகே ஆட்டிப் பார்ப்போம். விதை கலகலத்தால் கேட் திறக்கும். மாடு வழியில் நடுஊற்றில் தண்ணீர் குடித்து நின்று, மேய்ந்து மேய்ந்து உச்சிக்குப் போகப் பத்துப் பதினைந்து நாள் பிடிக்கும், அதற்குள் மேலே இருப்பதும் முற்றிவிடும். எல்லா வருஷமும் அப்படித்தான் நடந்தது.

அன்றும் கேட்டடிக்குப் போய் வெர்ல் காயை ஆட்டினான். என்னிடம் நீட்டினான். கலகலவென்று கேட்டது.

“உச்சில மேல்குழிக்கு யாராச்சும் போய்ப் பாத்துட்டு வந்தா என்ன?” என்றாள் ஜெனீல். “மே கடைசில விழுந்த பனி மொத்தமும் அங்கதான் போய்க் குவிஞ்சுது. அங்க செடி இப்பதான் பூத்திருக்கோ என்னமோ.”

“போய்ட்டு வர ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாளும் இதுங்க எதக் குடிக்கும்?”

“நான் லாரி ஓட்டுறேன், நீ போ.”

“உன் லாரி பாதி மாட்டுக்குக்கூடப் பத்தல ஜெனீல். கண்ணால பாத்தியா இல்லியா?”

“பாத்தேன். அதுக்காக?”

“அதுக்காகத் திறக்குறேன்.”

திறந்துவிட்டான். அன்று சனிக்கிழமை. முதலில் நுழைந்தது மூளிக்காதி. பிறந்த அன்றே குளிரில் காது நுனி உறைந்து உதிர்ந்துபோன கறுப்பு மாடு. அது நடந்தால் மந்தை நடக்கும், நின்றால் நிற்கும். அதன் பின்னாலேயே என் சிவப்பி போனது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் எவனும் வேலைக்குப் போகமாட்டான். அன்று சபை முழுக்க மழைக்காக உபவாசம் வேறு. எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜெனீல் வெர்லின் காதில் முணுமுணுத்தது எனக்கும் கேட்டது.

“பிரசங்கம் முடிஞ்சதும் குதிரைய எடுத்துட்டு மேல ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடறேனே.”

“ஓய்வுநாள் ஜெனீல். மாடு இன்னும் பாதி தூரம்கூடப் போயிருக்காது. நாளைக்கு விடிஞ்சதும் போலாம்.”

மண்டியிட்டு எல்லோரும் மழை கேட்டோம். நானும் மனசாரத்தான் கேட்டேன். சாயங்காலம் அவர்கள் வீட்டில் உருளைக்கிழங்கும் சீஸும் போட்டுச் சுட்ட பண்டத்தோடு உபவாசத்தை முடித்தோம். லாமர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான். ஜெனீல் தட்டில் வைத்ததை அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் நாங்கள் மூன்று பேரும் குதிரையில் ஏறினோம். லாமர் உப்புக்கட்டிகளை ஏற்றிக்கொண்டு தன் நாலு சக்கர பைக்கில் பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தான். நடுஊற்றை எட்டியபோது அங்கே ஈரம்கூட இல்லை. சேறு வெடித்துக் கிடந்தது. அந்த வெடிப்பின் மேலேயே குளம்படிகள், எல்லாம் ஒரே திசையில்.

ஜெனீல் குதிரையை நிறுத்திக் கீழே பார்த்தாள். “நிக்கவே இல்ல வெர்ல். சுத்தி இருக்குற புல்லப் பாரு, ஒரு வாய்கூடக் கடிக்கல. தண்ணி இல்லைன்னதும் நேரா நடந்திருக்கு.”

“நேரா எங்க?”

“உனக்குத் தெரியாதா?”

அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது. மலையில் அந்த வருஷம் தண்ணீர் மிச்சம் இருந்தது ஒரே இடத்தில்தான், பனி கடைசியாகக் கரைந்த மேல்குழியில். வெர்ல் குதிரையைத் தட்டினான்.

ஆஸ்பென் மரங்களைத் தாண்டியதும் மேல்குழி தெரிந்தது. ஐயோ, அந்த ஊதா! குழி முழுக்க இடுப்பளவு பூத்து நின்றது. நடுவில் மாடுகள் வாய் நிறைய மென்றுகொண்டிருந்தன. ஓரத்தில் இரண்டு மாடுகள் காலை நீட்டிக்கொண்டு கிடந்தன. வயிறு உப்பியிருந்ததைப் பார்த்தே அவை முடிந்துவிட்டன என்று தெரிந்தது. இன்னும் நாலைந்து முழங்கால் நடுங்கத் தள்ளாடின, சில விழுந்து மூச்சிரைத்தன.

வெர்ல் வாயைத் திறந்தான். ஜெனீல் எட்டி அவன் கையைப் பிடித்தாள்.

“கத்தாத. குதிரைய இங்கயே கட்டு.”

அதுதான் இந்த விஷத்தில் இருக்கிற கொடுமை. தின்ற மாடு அமைதியாகப் படுத்துக் கிடந்தால் தெளிந்து எழுந்துவிடும். விரட்டினால், மிரட்டினால், ஓடினால், அங்கேயே மூச்சடைத்து விழும். ஊசி போடலாமென்று பிடிக்கப் போனால் அந்தப் பிடியே கொன்றுவிடும். ஆகவே மந்தை மொத்தமும் சாகக் கிடக்கிறது, நாமோ பூனை மாதிரி நடக்க வேண்டும், குசுகுசுவென்று பேச வேண்டும்.

முதலில் விழுந்து கிடந்தவற்றைப் பார்த்தோம். தலை சரிவில் தாழ்ந்து கிடந்தால் வயிறு நெஞ்சை அழுத்திச் சாகடித்துவிடும். இரண்டு பேர் தோளைக் கொடுத்து நெம்பி, நெஞ்சு தரையில் படியும்படி உட்காரவைத்துத் தலையை மேட்டுப் பக்கம் திருப்ப வேண்டும். ஒரு மாட்டுக்கே எனக்கு இடுப்பு விட்டுப்போனது. மூளிக்காதி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது, ஆனால் அதன் தொடைச் சதை நிற்காமல் துடித்தது. சிவப்பி அதன் பக்கத்தில் தலையைத் தொங்கவிட்டு நின்றது.

ஒரு மாட்டின் முதுகுக்கு இந்தப் பக்கம் வெர்ல், அந்தப் பக்கம் ஜெனீல். தள்ளிக்கொண்டே சண்டை போட்டார்கள்.

“சொன்னேன்ல?” என்றாள், மூச்சுக்குள்.

“சொன்ன.”

“நேத்தும் சொன்னேன்.”

“நேத்தும் சொன்ன. இப்பத் தள்ளு.”

“தள்ளிக்கிட்டுதான் இருக்கேன். கேட்டுல நிக்கிற செடிய நம்புன, கட்டுன பொண்டாட்டிய நம்பல.”

“நாப்பது வருஷமா அந்தச் செடியத்தான் நம்புனோம் ஜெனீல். எங்கப்பா நம்புனாரு.”

“உங்கப்பா காலத்துல நடுஊத்துல தண்ணி இருந்துச்சு! அங்க நின்னு நின்னு வரும்! இப்ப எதுக்கு நிக்கணும்?”

குரல் ஒரு பிடி ஏறிவிட்டது. பக்கத்தில் ஒரு மாடு தலையைத் தூக்கிக் காதை விறைத்தது. இரண்டு பேரும் அப்படியே உறைந்தார்கள். மாடு மெதுவாகத் தலையைத் தாழ்த்தியதும் ஜெனீல் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். சத்தம் வராமல் அழுவதற்கும் தெம்பு வேண்டும்.

அப்போதுதான் கீழே பைக் சத்தம் கேட்டது. லாமர்! அவன் நாய்கள் வேறு குரைத்துக்கொண்டே ஓடிவரும். அறுபது வயசுக்கு மேல் அப்படி ஒரு ஓட்டம் ஓடுவேன் என்று நினைத்ததில்லை. ஆஸ்பென் வளைவில் வழியை மறித்துக் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

“என்னாச்சு? யாருக்கு என்ன?”

“இன்ஜின அணை. கத்தாத.”

“நான் எங்க கத்துறேன்?”

“நீ பேசுறதே கத்துறதுதான் லாமர், அணைடா!”

அணைத்தான். விஷயத்தைச் சொன்னதும் மூஞ்சி வெளுத்துப்போனது. நாய்களை மரத்தில் கட்டி வாயையும் துணியால் சுற்றினோம். ஒரு உப்புக்கட்டியை அவன் தோளில் தூக்கிக்கொண்டான். நடக்கத் தெம்புள்ள மாடுகளுக்கு உப்பைக் காட்டிப் பாறைப் பக்கம் இழுக்கலாம், அங்கே செடி இல்லை, தண்ணீரும் கைக்கெட்டும் தூரம்தான். அவன் உப்பைக் கல்லால் தட்டாமல் கையால் தேய்த்துத் தேய்த்துக் காட்டினான். ஒன்று வந்தது. இரண்டு வந்தது. பாதி மந்தை மெல்லப் பாறைக்கு நகர்ந்துவிட்டது. பிழைத்தோம் என்று நான் நினைத்தேன்.

லாமர் என் தோளைத் தொட்டு மேற்கே காட்டினான்.

மேகம். சாதாரண மேகமா, மலைக்கு மேல் இன்னொரு மலை எழும்பி நின்றது, அடி முழுக்கக் கறுப்பு. இரண்டு வருஷமாக அப்படி ஒரு மேகத்தைத்தான் நாங்கள் வானத்தில் தேடிக்கொண்டிருந்தோம்.

“நேத்து நாம எல்லாரும் கேட்டது வருது” என்றான் லாமர்.

“வாய மூடு.”

இடி இடித்தால் மிரளும். மிரண்டால் ஓடும். ஓடினால் முடிந்தது. காற்று குளிர்ந்தது, பூச்செடி எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தது. காற்று மாறியதும் மாடுகள் இன்னும் அவசர அவசரமாகத் தின்ன ஆரம்பித்தன. மழை வருகிறதென்றால் அவை அப்படித்தான் தின்னும். ஜெனீல் ஒரு மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “வேணாம், இன்னிக்கு வேணாம், நாளைக்கு வரட்டும்” என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். முந்தின நாள் பட்டினி கிடந்து மழை கேட்ட நானும் அதையேதான் கேட்டேன். கடவுள் எங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பாரோ தெரியாது.

முதல் இடி தூரத்தில் உருண்டது. மாடுகள் தலையைத் தூக்கின. இரண்டாவது எங்கள் தலைக்கு மேலேயே விழுந்தது. குழி முழுக்க அதிர்ந்தது.

எழுந்து ஓடின. நிற்க முடியாதவைகூட எழுந்தன. வெர்ல் சரிவின் வாயில் போய்க் கையை விரித்து நின்றான். கத்தவில்லை. அந்த நிலையிலும் அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. “ஹோ, ஹோ” என்று உதடு மட்டும் அசைந்தது. சில அவனைச் சுற்றிக்கொண்டு போய் விழுந்தன. சில அவன் காலடியிலேயே மண்டியிட்டுச் சாய்ந்தன. மூளிக்காதி மட்டும் ஓடவில்லை, நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டு நின்றது. அது நின்றதால் பாறைப் பக்கம் போயிருந்தவையும் நின்றன. சிவப்பியும் நின்றது.

மழை நாலு சொட்டு விழுந்தது. தொப்பியில் டப் டப்பென்று நாலே நாலு. மேகம் கிழக்கே நகர்ந்து, பழையபடி வெயில் அடித்தது.

பத்தொன்பது மாடு செத்துப்போனது. இரண்டு என்னுடையவை. கன்றுகள் தாயை முட்டி முட்டிப் பால் தேடின. லாமர், மந்தையையே விற்கச் சொன்ன அதே லாமர், பாறையில் உட்கார்ந்து முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டான்.

வெர்ல் ஜெனீல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இன்னமும் குசுகுசுவென்றுதான் பேசினான்.

“ஒண்ணும் தெரியாத மாடா இருந்திருந்தா கேட்டடியிலயே நின்னிருக்கும். நாம தண்ணி கொண்டு போயிருப்போம். இதுங்களுக்குத் தெரியும். தெரிஞ்சதுனாலதான் வந்துச்சு.”

ஜெனீல் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “கத்தணும்னா இப்பக் கத்திக்க வெர்ல்” என்றாள். அவன் கத்தவில்லை.

இரண்டு நாள் பாறைப் பக்கமே மாடுகளைக் காவல் காத்தோம். தெளிந்ததும் ஒவ்வொன்றாக நடத்திக் கீழே இறக்கினோம். ஆர்மிஹோ பட்டியில் காத்திருந்தார். “இந்த வருஷம் மலைய விட்டு எறக்கிட்டீங்கங்கறதுக்காகப் பர்மிட் போயிடாது. அதுக்கு நான் பொறுப்பு” என்றார். வேறென்ன சொல்வது என்று தெரியாமல் தாயில்லாக் கன்றுகளைப் பிரித்துக் கட்ட எங்களோடு சேர்ந்துகொண்டார். ஏலத்துக்குப் போகிற லாரியும் வந்து நின்றது. வைக்கோலுக்கு வழியில்லை, பாதியை அனுப்பித்தான் ஆக வேண்டும் என்பதில் இப்போது யாருக்கும் சண்டை இல்லை. எது பாதி என்பதுதான் பாக்கி.

“கெழடையும் நொண்டியையும் முதல்ல தள்ளு” என்றான் லாமர்.

“இல்ல. மூளிக்காதிய முதல்ல ஏத்து.”

“உனக்கென்ன பைத்தியமா? அது இல்லாம அடுத்த வருஷம் மத்ததுங்கள யாரு மேல கூட்டிட்டுப் போவா?”

“அதனாலதான்டா” என்றான் வெர்ல். குரல் உடைந்தது. “கேட்டத் திறந்தா நேரா மேல்குழிக்குக் கூட்டிட்டுப் போயிடும். அதுக்கு அந்த ஒரு வழிதான் தெரியும். எத்தன வருஷமானாலும் மாத்திக்காது. வழி தெரிஞ்சது எல்லாத்தையும் ஏத்து. கிடேரிங்க இருக்கட்டும். அதுங்கள நானும் ஜெனீலும் நடந்தே கூட்டிட்டுப் போறோம், நாங்க நிக்கிற எடத்துல நிக்கப் பழகிக்கட்டும்.”

லாமர் ஜெனீலைப் பார்த்தான், அவளாவது தடுப்பாள் என்று. “அவன் சொல்றதுதான்” என்றாள் ஜெனீல்.

மூளிக்காதியை லாரியில் ஏற்றும் பலகைக்குத் திருப்ப வெர்லால் முடியவில்லை. ஜெனீல்தான் போய் அதன் மூளிக்காதைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லி ஏற்றினாள். அதன் பின்னால் ஒன்று, இரண்டு, ஐந்து. வெர்ல் என் பக்கம் திரும்பினான். சொல்லத் தயங்கினான்.

“சிவப்பியும் முன்னால போற மாடுதான் சகோதரி.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அறைந்திருப்பேன். சுரக்காத தாய்க்குப் பிறந்து, என் சமையலறையில் அடுப்போரமாகப் புட்டிப்பால் குடித்து வளர்ந்தது அது. “உன் மாட்ட நீ என்ன வேணா பண்ணு, என் மாட்டப் பத்திப் பேச நீ யாருடா?” என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். வேலிக்கு அந்தப் பக்கம் கிடேரிகள் நின்று சிவப்பியையே பார்த்துக்கொண்டிருந்தன, அது நகர்ந்தால் தாங்களும் நகரலாம் என்று.

நானே போய்க் கதவைத் திறந்தேன். தட்ட வேண்டியிருக்கவில்லை. மூளிக்காதி எங்கே போனதோ அங்கே தானும் போவதுதான் அதற்குத் தெரியும். பலகையில் ஏறி உள்ளே போய் அதன் பக்கத்தில் நின்றுகொண்டது.